வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்

வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த கடிதத்தைத் தையல்காரர் நின்றபடியே படித்தார். முதல் நாள் மனத்துக்குள் படித்தார். இரண்டாம் நாள் உதடு அசையப் படித்தார். மூன்றாம் நாள், லிஃப்டுக்காக நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டே படித்தார்.

"'மனிதரை இழிவுபடுத்தும் எந்தக் காட்சியும் எங்கள் செயலியில் ஒரு நாளுக்கு மேல் தங்காது. இது எங்கள் குடும்பத்தின் வாக்கு.' கீழ கையெழுத்து இருக்கு. இந்தக் கையெழுத்துப் போட்டவங்களை நான் பாக்கணும்."

"அவங்க மீட்டிங்ல இருக்காங்க" என்றாள் வரவேற்பறைப் பெண்.

"மூணு நாளாவா?"

கையெழுத்துப் போட்டவர் அப்போது அவருக்கு நான்கடி பின்னால் குடையை மடக்கிக்கொண்டு நின்றிருந்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் பெரியக்கா. செயலியின் முதலாளிக்குக் கூடப்பிறந்த மூத்தவர். அறுபத்தாறு வயது. நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு சாய்வில் படாது. பட்டதாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அப்பா காலத்துப் பார்சல் சர்வீஸை இருபத்தெட்டு வருஷம் கட்டி ஆண்டவர் அவர்தான். தம்பி அதை விற்று, படமும் வீடியோவும் போடுகிற இந்தச் செயலியைத் தொடங்கினான். கோடிப் பேர் வந்து சேர்ந்தார்கள். கோடிப் பேரோடு குப்பையும் வந்து சேர்ந்தது. விளம்பரம் கொடுக்கிற கம்பெனிகள் முகம் சுளித்தபோது, அக்காவைக் கூட்டி வந்து நம்பிக்கைக் குழுத் தலைவர் என்று உட்கார வைத்தான். குழுவில் வேறு யாரும் இல்லை.

"நான்தான்" என்றார் பெரியக்கா. "என்ன வேணும்?"

தையல்காரர் திரும்பினார். கழுத்தில் அளவுநாடா தொங்கியது. கழற்ற மறந்து வந்திருக்கிறார். கையிலிருந்த ஃபோனை நீட்டினார். பெரியக்கா வாங்கவில்லை. செயலியை அவர் பார்ப்பதே கிடையாது. ஊரான் வீட்டுச் சன்னலில் எட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன என்று தம்பியிடமே ஒருமுறை கேட்டிருக்கிறார்.

"வாயால சொல்லுங்க."

சொன்னார். அவர் மனைவி, தைத்த சீருடைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய கடைக்குக் கொடுக்கப் போயிருக்கிறாள். நகரும் படிக்கட்டில் கால் இடறியிருக்கிறது. கைப்பிடியைப் பிடித்திருந்தால் பிழைத்திருப்பாள். மூட்டையை விடவில்லை. படிகள் மேலே ஏற ஏற, அவள் கீழே கீழே விழுந்துகொண்டே இருந்திருக்கிறாள். நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டாள். கடையின் கேமராவில் பதிந்ததை எவனோ எடுத்து, டப்பாங்குத்துப் பாட்டு ஒன்றைச் சேர்த்து, 'மூட்டைக்காரி டான்ஸ்' என்று போட்டுவிட்டான்.

"இப்ப ஊர்ல பாதிப் பேரு தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அவளை மாதிரியே விழுந்து வீடியோ போடறாங்கம்மா. போட்டியாம். என் பொண்ணு மருந்துக் கடையில வேலை பாக்குது. ஒரு மாசமா வீட்டை விட்டு வெளிய வரல. நாப்பத்தோரு தடவை புகார் குடுத்துட்டேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு பதில் வருது. நான் என்ன கருத்தா சொன்னேன்?"

பெரியக்காவின் முகத்தில் எதுவும் அசையவில்லை. காதோரம் மட்டும் சூடேறியது. அந்த இரண்டு வரிகளும் சட்டத்துக்குள் இருந்தன. கீழே இருந்தது அவர் கையெழுத்து. அதை ஒரு தையல்காரர் நட்டநடுக் கூடத்தில் நின்று பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பிக்கிறார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

"வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அது இருக்காது. உங்க பொண்ணு வேலைக்குப் போகலாம். நானே ஃபோன் பண்ணிச் சொல்றேன்."

"நிச்சயமாவாம்மா?"

"சொல்லிட்டேன்" என்றார் பெரியக்கா.

புகார்களைப் பார்க்கிற பிரிவுக்கு அலுவலகத்தில் சல்லடை என்று பெயர். மூன்றாம் மாடி முழுக்கச் சல்லடைதான் என்று தம்பி சொல்லியிருந்தான். பெரியக்கா போய்ப் பார்த்தபோது மாடி முழுக்க மேசைகள் இருந்தன. ஆட்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். மீதி மேசைகளில் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், பெருக்குவதற்கு வசதியாக.

சல்லடையின் பொறுப்பாளர் தடித்த கண்ணாடி போட்ட பெண். அவளைக் கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள். அவளும் அதற்கே திரும்புவாள். கணவன் விட்டுப் போனவள். இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாய் ஒரு மாமியார்.

"மத்தவங்க எங்கே?"

"போன வருஷமே அனுப்பிட்டாங்கம்மா. விளம்பரக் கம்பெனிக்காரங்க பாக்க வர அன்னிக்கு மட்டும் கணக்குப் பிரிவுல இருந்து நூறு பேர் இறங்கி வந்து உக்காருவாங்க. ஒரு மணி நேரம் ஸ்கிரீனைப் பாத்துத் தலையாட்டணும். டீ உண்டு."

பெரியக்கா உட்காரவில்லை. "மூட்டைக்காரின்னு ஒரு வீடியோ. அதை எடு."

கண்ணாடி விசைப்பலகையைத் தட்டினாள். திரையைப் பெரியக்காவின் பக்கம் திருப்பப் போனாள். வேண்டாம் என்று கை காட்டினார்.

"எடுக்க முடியாதும்மா. நீக்கற பட்டன் எனக்கு வேலை செய்யாது. பத்து லட்சம் பேருக்கு மேல பாத்ததெல்லாம் சாரோட பட்டியலுக்குப் போயிடும். அவர்தான் எடுக்கணும். இது மூணு கோடி."

"அவன் எடுக்க மாட்டானா?"

"இதை எடுத்தா, இதைப் பாத்து விழறவங்க வீடியோ எல்லாம் தலையில்லாத முண்டமாயிடும். இந்த மாசம் ஆளுங்களை இழுத்துட்டு வர்றதே இதுதானே. சார் நேத்து எங்ககிட்ட வந்து, இதை யாராவது தொட்டா கையை உடைப்பேன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

தம்பியின் அறையில் சுவர்கள் கண்ணாடி. உள்ளே யார் வந்தாலும் வெளியே தெரியும். அதனால் அவன் எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பான். அக்காவைக் கண்டதும் எழுந்து நின்றான். ஐம்பத்தைந்து வயதிலும் அந்த மரியாதையை விடவில்லை.

"வா அக்கா. உன்னைப் பத்திதான் இப்பப் பேசிட்டிருந்தேன். வியாழக்கிழமை சோப்புக்காரர், பால்மாவுக்காரர், காப்பீட்டுக் கம்பெனி அம்மா எல்லாரும் வராங்க. அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போடற நாள். நீ பேசினாத்தான் அவங்களுக்கு நெஞ்சு குளிரும்."

"மூட்டைக்காரி வீடியோவை எடு."

அவன் சிரிப்பு இருந்த இடத்தில் இருந்தது. "யார் சொன்னது?"

"செத்தவளோட புருஷன். கீழ நின்னு என் கையெழுத்தைப் படிச்சுக் காட்டறான். நம்ம அப்பா கையெழுத்துப் போட்ட பார்சல் சேராம இருந்திருக்கா? வெள்ளம் வந்தப்ப ஒரு பார்சல் போகலைன்னு அவரே தலையில தூக்கிட்டுப் போய்க் குடுத்தாரே, தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா. ஆயிரம் தடவை சொல்லியிருக்கே."

"அப்ப எடு."

"கூட்டம் முடியட்டும்."

"கூட்டத்துலயே கேப்பேன். எல்லாரும் இருக்கறப்ப எந்திரிச்சு நின்னு கேப்பேன்."

"பேசிடாதேக்கா." முதன்முறையாக அவன் குரல் இறங்கியது. "அவங்க முன்னாடி நம்ம வீட்டு அழுக்கைத் துவைக்காதே."

"அழுக்குன்னு நீயே ஒத்துக்கறே" என்றார் பெரியக்கா.

அவர் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. சோப்புக்காரர் வீட்டுக்கு மூன்று பெண்கள். பால்மாவுக்காரர் தாய்மாரின் படம் போட்டே பிழைப்பவர். காப்பீட்டு அம்மாள் ஆரம்பத்தில் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். நல்ல குடும்பத்துக்காரர்கள், இப்படி ஒன்று நடக்கிறது என்று தெரிந்தால் கொதித்துப் போவார்கள். தம்பி நாணிப்போய் நீக்குவான். வெட்கப்பட வைத்தால் எதுவும் நடக்கும் என்று பெரியக்கா நம்பினார். அவரை வெட்கப்பட வைத்துத்தான் எல்லோரும் எல்லாவற்றையும் சாதித்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை கணக்குப் பிரிவிலிருந்து நூறு பேர் மூன்றாம் மாடிக்கு இறங்கினார்கள். விருந்தாளிகள் சல்லடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூட்ட அறைக்கு வந்தபோது, பால்மாவுக்காரர், "எத்தனை பேர் கண்ணு கொட்டாம உழைக்கறாங்க" என்று வியந்துகொண்டே உட்கார்ந்தார்.

தம்பி அரைமணி நேரம் பேசினான். பாதுகாப்பு என்றான், குடும்பம் என்றான், உங்கள் பெயர் எங்கள் பெயர் என்றான். அக்கா என்று ஏழு தடவை சொன்னான். கடைசியில் அவரைப் பேச அழைத்தான்.

பெரியக்கா எழுந்தார். எழுதிக் கொடுத்திருந்த தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"உங்களுக்கெல்லாம் நான் ஒரு கடிதத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அது இன்னிக்குப் பொய்யா நிக்குது." தையல்காரர் சொன்னதை அப்படியே சொன்னார். படிக்கட்டு, மூட்டை, நாலு நாள் ஆஸ்பத்திரி, பாட்டு, தலையணைகள், வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் மகள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "மூணு கோடிப் பேர் பாத்திருக்காங்க. ஒரு மாசமாகியும் அதை யாரும் எடுக்கலை."

காப்பீட்டு அம்மாள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி மேசையைப் பார்த்தான். பெரியக்கா காத்திருந்தார்.

சோப்புக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "மூணு கோடி" என்றார். "அதுல எங்க விளம்பரம் வருதா?"

புள்ளிவிவரம் காட்டுவதற்காகக் கணினியோடு மூலையில் உட்கார்ந்திருந்த கண்ணாடி, பெரியக்காவைப் பார்த்தாள். பெரியக்கா சொல் என்பதுபோல் தலையசைத்தார்.

"வருது சார். முதல்ல உங்க சோப்பு விளம்பரம்தான் வருது. அப்புறம் பால்மாவு."

அதன்பின் அறையில் அமைதி இல்லை. சோப்புக்காரர் எழுந்தே விட்டார். பால்மாவுக்காரர், "எங்க டப்பாவுல குழந்தை படம் இருக்குய்யா, குழந்தை படம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காப்பீட்டு அம்மாள் தன் ஆளுக்கு ஃபோன் போட்டு, தங்கள் விளம்பரம் எதில் எதில் வருகிறது என்று விசாரித்தாள். வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிற பெண்ணைப் பற்றி ஒருவர் கேட்பார், இதோ கேட்கப் போகிறார் என்று பெரியக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர்கள் கோபமாக இருந்தார்கள். அதுவே போதும் என்று தோன்றியது. நல்லவர்கள் கோபத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவது உண்டு.

தம்பி இரண்டு கையையும் உயர்த்தினான். முகத்தில் உண்மையாகவே வியர்வை.

"தப்பு எங்களுதுதான். மறைக்க மாட்டேன். மறைக்கக்கூடாதுன்னுதானே அக்காவை இங்க உக்கார வெச்சிருக்கேன். இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இந்த விஷயத்தை முடிச்சுடறேன். எங்க அக்கா முன்னாடி சொல்றேன். எங்க வீட்டுல சொன்னா சொன்னதுதான்."

சோப்புக்காரர் பெரியக்காவைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"சொல்லிட்டானில்ல" என்றார் பெரியக்கா.

அவர்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பேனாக்கள் வெளியே வந்தன. போகும்போது சோப்புக்காரர் பெரியக்காவின் எதிரில் நின்று, "உங்களை மாதிரி ஒருத்தங்க இருக்கறதாலதான் நாங்க நம்பி வரோம்" என்றார். பால்மாவுக்காரர் ஒருபடி மேலே போய்க் குனிந்து வணங்கினார்.

மாடிப்படி ஓரத்தில் கண்ணாடி காத்திருந்தாள்.

"அம்மா, அஞ்சு மணிக்கு மேல நான் ஒரு தடவை திறந்து காட்டறேன். நீங்களே ஒரு கண்ணு பாத்துடுங்க."

"எதுக்கு?"

"சார் 'இந்த விஷயத்தை முடிச்சுடறேன்'னாரு. வீடியோவை எடுக்கறேன்னு சொல்லலை."

பெரியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வாக்குக் கொடுத்தபின் அதைப் பற்றி அவனிடம் திரும்பக் கேட்கக்கூடாது. சேர்ந்ததா, முடிந்ததா, செய்தாயா என்று கேட்டால், உன்னைப் பொய்யன் என்று நினைக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டு வந்தாலும் அப்பா கேட்டதில்லை. பெரியக்காவின் கணவர் வெளியூரில் சாகக் கிடந்தபோது, மருத்துவரைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிப் போன மைத்துனனை, ராத்திரி முழுக்க அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அன்று மருத்துவர் வந்தார். வழக்கம் இன்னும் உறுதிப்பட்டது.

"எங்க வீட்டுல ரெண்டாவது தடவை பாக்கற பழக்கம் இல்ல" என்றார். "அவன் என் தம்பி. நீ என் தம்பியைப் பத்தி எங்கிட்டப் பேசறே."

"தப்புதாம்மா" என்றாள் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தம்பி அறை வாசலில் எட்டிப் பார்த்தான். "முடிச்சாச்சுக்கா. சோப்புக்காரருக்கும் சொல்லிட்டேன்." போய்விட்டான். பெரியக்கா ஃபோனை எடுத்துத் தையல்காரரைக் கூப்பிட்டார்.

"எடுத்தாச்சு. உங்க பொண்ணை நாளைக்கு வேலைக்குப் போகச் சொல்லுங்க."

எதிர்முனையில் சற்று நேரம் தையல் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது. "அம்மா, நீங்க நல்லா இருக்கணும்" என்றார் அவர். "நான் அதைத் தேடிப் பாக்கக்கூட இல்லம்மா. நீங்க சொன்னாப் போதும். இனிமே அதைப் பாக்கற தைரியம் எனக்கு இல்ல."

அன்று பெரியக்கா நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனார். எப்போதும் நிமிர்ந்துதான் நடப்பார். அன்றைய நடை பார்க்கும்படி இருந்தது.

திங்கட்கிழமை வந்தபோது கண்ணாடியின் மேசையில் நாற்காலி கவிழ்ந்திருந்தது.

"லீவா?"

பக்கத்து மேசைக்காரன் எழுந்து நின்றான். "வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டாங்கம்மா. வெளியாளுங்க முன்னாடி உள் விஷயத்தைச் சொன்னாங்கன்னு."

சொல் என்று தலையசைத்தது யார் என்று அவன் கேட்கவில்லை. எட்டுப் பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியக்கா தம்பியின் அறைக்குப் போகும் வழியில் ஃபோன் அடித்தது. தையல்காரர்.

"கடைக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்கம்மா" என்றார். "உங்களால வர முடியும்னா." மரியாதை குறையாத குரல். வேறு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

தம்பி எழுந்து நின்றான். அவர் உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்தான், அவர் நின்றார்.

"அந்த வீடியோ இருக்கா, இல்லையா?"

அவன் அவரை ஆச்சரியத்தோடு பார்த்தான். பிறப்பிலிருந்து இன்றுவரை அக்கா அவனிடம் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"இருக்கு" என்றான். "விளம்பரத்தை எடுத்துட்டேன். இனிமே எந்த ஜென்மத்துலயும் அதுல விளம்பரம் வராது. அதானே அவங்க கேட்டது? அவங்க மூஞ்சியைப் பாத்தியா இல்லையா? சோப்பு வருதான்னு கேட்டாங்க. பால்மாவு வருதான்னு கேட்டாங்க. செத்தவளைப் பத்தி ஒரு ஆளு வாயைத் திறந்தாங்களா?"

"நீ வாக்குக் குடுத்தே."

"குடுத்தேன். காப்பாத்திட்டேன்."

"நான் அந்த மனுஷன்கிட்ட எடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன்டா."

"அதை எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்ல?" அவன் குரலில் கேலிகூட இல்லை. "நீ கேக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதுக்காக நான் ஏமாத்தினேன்னு சொல்லாதே. நம்ம அப்பா போட்ட வழக்கம். நான் அதை நம்பித்தான் தொழில் பண்றேன்."

"இப்ப எடு."

"முடியாதுக்கா."

"அப்ப நான் கையெழுத்தைத் திருப்பி எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோ. அடுத்த வருஷத்துக்கு அவங்க போட்டாச்சு. இனிமே கடிதத்துல என் பொண்டாட்டி போடுவா. அவளும் இந்தக் குடும்பம்தானே." எதிரே கண்ணாடிச் சுவருக்கு வெளியே யாரோ போனார்கள். அவன் சிரித்தான், கையசைத்தான்.

தையல் கடை ஒரு குறுகிய தெருவில் செருப்புக் கடைக்கும் சாவி செய்பவன் கடைக்கும் நடுவில் இருந்தது. நான்கு பேர் நிற்கலாம். சுவர் முழுக்க வெட்டிய துணிகள். தையல்காரர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார், ஆனால் தைக்கவில்லை. பெரியக்காவைக் கண்டு எழுந்தார். முக்காலியை நகர்த்திப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழமை பொண்ணு வேலைக்குப் போச்சும்மா" என்றார் தையல்காரர். "நான்தான் போகச் சொன்னேன். பெரிய மனுஷி வாக்குக் குடுத்திருக்காங்க, எல்லாம் அழிஞ்சு போச்சு, தைரியமாப் போன்னேன். தலை பின்னிவிட்டது நான்தான். அவ அம்மா செய்யற வேலை அது."

உள்ளே தடுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து மகள் வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். முகம் கழுவித் துடைத்து வெறுமையாக இருந்தது. பெரியக்காவைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வரும், அழுவாள், அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று அவர் தயாராக நின்றார்.

"கடையில மூணு பேரு மருந்து வாங்க வந்தாங்க" என்றாள் மகள், முகவரி சொல்வதுபோல. "ஒருத்தன், நீ மூட்டைக்காரி பொண்ணுதானேன்னு கேட்டான். அந்த வீடியோ இப்ப இல்ல, எடுத்துட்டாங்கன்னு சொன்னேன். அவன் ஃபோனை எடுத்து கவுண்டர் மேல வெச்சான். கடை முதலாளியும் சேந்து எல்லாரும் பாத்தோம். வீடியோ இல்லன்னு நான் சொல்லிட்டதால, முழுசாப் பாக்க வேண்டியதாயிடுச்சு."

"நான் எடுக்கச் சொன்னேன்" என்றார் பெரியக்கா. "என் தம்பி முடிச்சுட்டேன்னு சொன்னான். நான் நம்பினேன்."

"நீங்க பாக்கலையா?"

"இல்ல."

மகள் தன் ஃபோனை நீட்டினாள். இந்த முறை பெரியக்கா வாங்கிக்கொண்டார். வாங்கவும் விரல் திரையில் பட்டது. பாட்டு கடைக்குள் வெடித்தது. பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி, முகம் வரை உயர்ந்த மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏறுகிற படிகளில் இறங்கி இறங்கி விழுந்தாள். எழப் பார்த்தாள். திரும்ப விழுந்தாள். தாளத்துக்கு ஏற்றாற்போல் எவனோ காட்சியை முன்னும் பின்னும் ஓட்டி அவளை ஆட்டியிருந்தான். முடிந்தது. முடிந்த உடனே தானாக மறுபடி தொடங்கியது. பெரியக்காவுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. தையல்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது முறை அவள் விழும்போது மகளே எட்டி நிறுத்தினாள்.

"முன்னெல்லாம் இதுல சோப்பு விளம்பரம் வரும்" என்றாள். "ஒரு அம்மா குழந்தையைக் குளிப்பாட்டுவாங்க. அஞ்சு வரைக்கும் எண்ணலாம், அவ்வளவு நேரம். தெரியாம கைபட்டுட்டாலும், யாராவது காட்ட வந்தாலும், அந்த அம்மாவைப் பாத்ததும் தெரிஞ்சுடும். நான் முகத்தைத் திருப்பிக்குவேன், உள்ள போயிடுவேன். வெள்ளிக்கிழமை அது வரல. தொட்டதும் எங்க அம்மா விழறாங்க. நீங்க சொல்லித்தான் எடுத்தாங்களாமே?"

"யார் சொன்னா?"

"உங்க ஆபீஸ்லேருந்து ஒரு அக்கா அப்பாவுக்கு ஃபோன் பண்ணாங்க. கண்ணாடின்னு சொன்னாங்க. மன்னிச்சுக்கோங்கன்னாங்க." மகள் ஒரு அடி முன்னால் வந்தாள். "வீடியோவை எடுக்க முடியலைன்னாப் பரவால்ல. அந்த விளம்பரத்தையாவது திருப்பிப் போடச் சொல்றீங்களா?"

தையல்காரர், "வேணாம்மா, விடு" என்றார்.

பெரியக்காவின் வாயில் சரி என்ற சொல் வந்து நின்றது. அதைச் சொல்லவில்லை. பையிலிருந்து தன் ஃபோனை எடுத்தார். சோப்புக்காரரின் எண்ணைத் தேடிப் போட்டார். அவர்கள் எதிரிலேயே பேசினார். வெளியே போய்ப் பேசியிருக்கலாம். அது ஒளிவதாக இருக்கும்.

"பெரியக்காவா? சொல்லுங்க" என்றார் சோப்புக்காரர் மகிழ்ச்சியாக. "உங்க தம்பி அஞ்சு மணிக்கு முன்னாடியே முடிச்சுட்டாரே. அதுதான் பரம்பரை."

"ஒரு உதவி வேணும். அந்த வீடியோவுல உங்க விளம்பரத்தைத் திருப்பிப் போடணும்."

"புரியல."

பெரியக்கா விளக்கினார். ஐந்து வினாடி என்றார். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொள்ள நேரம் என்றார். இது தான் கேட்பது, தம்பி கேட்கவில்லை என்றார். அறுபத்தாறு வருஷத்தில் யாரிடமும் சொல்லாத ஒரு சொல்லையும் சொன்னார். "கெஞ்சிக் கேக்கறேன்."

சோப்புக்காரர் மூச்சை இழுத்துவிட்டார்.

"பெரியக்கா, உங்க வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசறேன். செத்துப் போன ஒருத்தி விழறதுக்கு மேல என் சோப்பைப் போடச் சொல்றீங்க. உங்களை நல்ல குடும்பத்துப் பொம்பளைன்னு நம்பி நாங்க கையெழுத்துப் போட்டோம். உங்க தம்பி எத்தனை பேர் பாக்கறாங்கங்கற எண்ணிக்கையைப் பாக்கறாரு, அது அவர் தொழில். நீங்களுமா? இப்படி ஒண்ணுக்கு விளம்பரம் கேட்டு ஃபோன் பண்ண உங்களுக்குக் கூச்சமா இல்லையா?"

சோப்புக்காரர் ஃபோனை வைத்துவிட்டார்.

தையல்காரர் இன்னும் சுவரைப் பார்த்தபடி இருந்தார். செருப்புக் கடையில் யாரோ பேரம் பேசும் சத்தம் கேட்டது.

"என்ன சொன்னாரு?" என்றாள் மகள்.

"மாட்டேன்னுட்டாரு."

மகள் தலையாட்டினாள். பெரியக்காவின் இன்னொரு கையில் தன் ஃபோன் இருப்பதைப் பார்த்து, அதைத் திருப்பித் தரும்படி கையை நீட்டினாள்.